சுண்டுவிரலில் சுழலும் பீரங்கி

நீண்ட லென்ஸோடு பறவைகளைத் துரத்துபவர்களுக்குத் தோள் கொடுக்கிறது கிம்பல்

ராஜஸ்தானின் பரத்பூரில் ஜனவரி மாதக் காலைகள் கம்பளிக்குள் இருந்து எழ மறுப்பவை. ஆனால் கேவலாதேவ் தேசியப் பூங்காவின் வாசலில் பனிமூட்டம் விலகும் முன்பே ரிக்‌ஷாக்கள் வரிசைகட்டி விடுகின்றன. சொந்த வாகனத்தில் உள்ளே சுற்ற முடியாது. நடை, சைக்கிள், ரிக்‌ஷா, அவ்வளவுதான். குல்லாவும் மஃப்ளருமாக ஏறி உட்காரும் பயணிகளில் சிலரது மடியில் கைக்குழந்தை மாதிரி ஒரு நீண்ட லென்ஸ். காலடியில் குறுக்கே ஒரு முக்காலி. லென்ஸுக்கு அவர்கள் வைத்திருக்கும் செல்லப் பெயர், பீரங்கி.

பெயர்ப் பொருத்தம் தற்செயல் என்றாலும் இடத்துக்குப் பொருந்துகிறது. பரத்பூர் மகாராஜாக்களின் வாத்து வேட்டைக் களமாக இருந்த சதுப்பு நிலம் இது. 1938 நவம்பரில் வைஸ்ராய் லின்லித்கோவுக்காக நடந்த வேட்டையில் ஒரே நாளில் 4,273 பறவைகள் வீழ்ந்தன. கேவலாதேவ் கோயில் அருகே உள்ள கல்வெட்டு இன்றும் அந்தக் கணக்கைச் சொல்கிறது. துப்பாக்கி போய் கேமரா வந்துவிட்டது. குறி பார்ப்பவரின் பிரச்சினை மட்டும் அப்படியே இருக்கிறது: கனமான குழாய் ஒன்றைப் பறக்கும் உயிரின் பின்னால் ஆடாமல் திருப்புவது எப்படி?

கனம் என்றால் சாதாரணக் கனமல்ல. 1999இல் வந்த கேனன் 600 மி.மீ. லென்ஸின் எடை 5.36 கிலோ. கேமராவையும் சேர்த்தால் ஏறக்குறைய ஏழு கிலோ. 2018இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பு 3.05 கிலோவுக்கு இளைத்துவிட்டது என்றாலும், மஞ்சள்மூக்கு நாரை கூட்டிலிருந்து எழும்பும் என்று காத்து அரை மணி நேரம் கையில் ஏந்தி நிற்பவருக்கு அதுவும் தண்டனைதான். எடையாவது தோளோடு போகும். சாதாரண 50 மி.மீ. லென்ஸைவிட 600 மி.மீ. லென்ஸ் உருவத்தை 12 மடங்கு பெரிதாக்குகிறது. கையின் நடுக்கத்தையும் அதே 12 மடங்கு.

அதற்குத்தானே முக்காலி என்று கேட்கலாம். முக்காலி சரி, தலைதான் தகராறு. வழக்கமான பந்துத் தலையில் திருகைத் தளர்த்தினால் லென்ஸ் எந்தப் பக்கமும் திரும்பும். கனமான லென்ஸ் என்றால் அந்தப் பக்கமாகவே ‘தொப்’பென்று சாயும். விரல் நசுங்கலாம், முக்காலியே குடை சாயலாம். பத்து லட்சம் ரூபாயைத் தாண்டும் லென்ஸை, அதுவும் நாள் வாடகைக்கு எடுத்து வந்திருப்பவருக்கு, இது வெறும் படப்பிடிப்புப் பிரச்சினை அல்ல.

கிம்பல் தலை இதைத் தலைகீழாக அணுகுகிறது. கப்பல் எப்படி ஆடினாலும் திசைகாட்டி மட்டமாக இருக்க அதை வளையங்களுக்குள் தொங்கவிடும் பழைய உத்திதான் மூலம். லென்ஸ் பந்தின்மேல் ஏறி உட்காராமல், தொட்டிலில் கிடப்பதுபோல் ஒரு கைப்பிடியில் தொங்குகிறது. அதன் எடை மையம் சுழலும் அச்சிலேயே விழுவதால் விட்ட இடத்தில் நிற்கும்; சுண்டுவிரலால் தள்ளினால் திரும்பும். அமெரிக்காவின் விம்பர்லி நிறுவனம் 1990களில் இதைப் பறவைப் படக்காரர்களிடையே பிரபலமாக்கியது. இன்று சில ஆயிரம் ரூபாய்க்கே நகல்கள் கிடைக்கின்றன. வாங்குமுன் ஒரே சோதனை போதும்: மிக மெதுவாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். முதல் அசைவில் ‘வெடுக்’கென்று கிளம்பினால், எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

வாங்கினால் மட்டும் போதாது. சமன் செய்யாத கிம்பல் பந்துத் தலையைவிடத் தொல்லை. முதலில் முக்காலியின் மேல்தட்டு நீர்மட்டமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பறவையோடு திரும்பும்போது அடிவானம் சரியும். பிறகு கேமரா, வெயில் மறைப்பு என்று உண்மையில் பயன்படுத்தப்போகும் எல்லாவற்றையும் மாட்டி, ஒரு கையால் பிடித்துக்கொண்டு திருகைத் தளர்த்தி, லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தினால் தராசு முள்போல் ஓரிடத்தில் நிற்கும். பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். மூக்கை மேலே தூக்கிவிட்டுப் பார்ப்பதுதான் அடுத்த பரீட்சை. லென்ஸ் தானாக மட்டத்துக்குத் திரும்பினால் தொட்டில் தாழ்வாக இருக்கிறது. மேலும் சாய்ந்துகொண்டே போனால் உயரமாக இருக்கிறது. உயரத்தைச் சரிசெய்தால் எந்தக் கோணத்திலும் அசையாது. இழுக்க இழுக்க நீளும் ஜூம் லென்ஸில் மட்டும் இந்தச் சமன் ஒவ்வொரு இழுப்புக்கும் மாறும். அங்கே சமரசம்தான்.

புதியவர்கள் இதன் பிறகும் செய்யும் தவறு, பயத்தில் திருகுகளை இறுக்கிவிடுவது. பாம்புத்தாரா சிறகை விரித்துக் கிளம்பிய பிறகு திருகைத் தேடினால் கிடைப்பது வெறும் வானம்தான். படமெடுக்கும்போது லேசான பிடிப்பு போதும். இடம் மாறும்போதுதான் இறுக்க வேண்டும். முக்காலியின் ஒரு கால் பறவையை நோக்கி இருந்தால், மற்ற இரண்டுக்கும் நடுவே நிற்பவர் கால் தடுக்காமல் சுற்றலாம். நடுத்தண்டை உயர்த்தினால் ஒற்றைக்காலில் நிற்கிற கதைதான். மங்கிய வெளிச்சத்தில் இடது உள்ளங்கையை லென்ஸின்மேல் அழுத்தி வைத்தால் அதிர்வு அடங்கும். உட்கார்ந்திருக்கும் நாரையை 1/250 விநாடியிலும் கூர்மையாக எடுக்கலாம். பறக்கிற நாரைக்கு 1/2000 வேண்டும். பறவையின் சிறகடிப்பை எந்த முக்காலியாலும் நிறுத்த முடியாது.

எல்லோருக்கும் இது தேவையா? இல்லை. காசிரங்காவிலோ கார்பெட்டிலோ ஜீப்பில் போகிறவருக்குக் கைப்பிடிக் கம்பிமேல் போடும் பயறு மூட்டையே மேல். இரண்டு கிலோ ஜூம் லென்ஸ் வைத்திருப்பவர்கள் கையிலேயே ஏந்தி எடுத்து, முக்காலிக்காரரைப் பார்த்துச் சிரிக்கவும் செய்கிறார்கள். நிறைய நடப்பவர்களுக்கு அவர்கள் வழிதான் சரி.

ஆனால் பரத்பூரின் கரைப்பாதையில் ஓரிடத்தில் காத்து நிற்பதுதான் வேலை. நாரைக் கூட்டங்கள் பருவமழைக்குப் பின் கருவேல மரங்களில் கூடு கட்டி, மாதக்கணக்கில் குஞ்சு வளர்க்கின்றன. இன்னும் நாலு அடி, இன்னும் நாலு அடி என்று ஒருவர் கூட்டை நெருங்கினால் தாய் எழுந்துவிடும். நிழலில்லாத குஞ்சு வெயிலில் வாடும். மேலே வட்டமிடும் பருந்துக்கும் சேதி போய்விடும். கை வலிக்காதவருக்கு அவசரமில்லை. பாதையிலேயே முக்காலியை ஊன்றி, திருகைத் தளர்த்தி விட்டு, ரிக்‌ஷாக்காரரோடு தேநீர் குடித்தபடி மீனோடு திரும்பிவரும் நாரைக்காக அவர் காத்திருக்கலாம். அது எந்தத் திசையிலிருந்து இறங்கும் என்பது பெரும்பாலும் ரிக்‌ஷாக்காரருக்குத் தெரிந்திருக்கும்.