பிடித்துக்கொள்ளும் பித்தளை

துப்பாக்கி வெடித்ததும் பக்கவாட்டில் தெறித்து விழும் பித்தளைக் கூட்டை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பாய்ந்துபோன குண்டுக்குத்தான் எல்லாப் பேரும். ஆனால் கூடு, பற்றவைக்கும் பிரைமர், வெடிமருந்து, குண்டு என்று தோட்டாவில் இருக்கும் நான்கில், மறுபடி பயன்படக்கூடியது கூடு ஒன்றுதான். அமெரிக்காவில் இலக்குச் சுடுதலைப் பொழுதுபோக்காக வைத்திருக்கும் பலர் இந்தக் கூடுகளைப் பொறுக்கி எடுத்துப்போய், வீட்டுக் கார் ஷெட்டில் மேசையோடு முடுக்கிய ஒரு கைப்பிடி பிரஸ்ஸில் வைத்துப் புதுத் தோட்டாவாக்குகிறார்கள். இதற்கு ரீலோடிங் என்று பெயர். சொந்த உபயோகத்துக்கு என்றால் அங்கே மத்திய அரசின் லைசென்ஸ் வேண்டியதில்லை. விற்பதாக இருந்தால்தான் வேண்டும். நம் நாட்டில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதே குற்றம். ஆகவே இதைச் செய்முறைக் குறிப்பாக அல்ல, ஓர் உலோகத்தின் குணத்தைப் பற்றிய கதையாகவே படிக்க வேண்டும்.

இந்த வேலையில் புதிதாக இறங்குகிறவர்களின் நிரந்தரப் புலம்பல், “கூடு சிக்கிக்கொள்கிறது” என்பதுதான். விசித்திரம் என்னவென்றால், சிக்கிக்கொள்வதுதான் கூட்டின் வேலையே. வெடித்த கணத்தில் அதன் மெல்லிய சுவர் உப்பி, துப்பாக்கியில் தோட்டா அமரும் அறையின் எஃகுச் சுவரில் போய் அழுந்துகிறது. பின்பக்கமாக வாயு கசிந்து சுடுபவரின் முகத்தில் அடிக்காமல் காப்பது அந்த அழுத்தம்தான். குண்டு குழலை விட்டு வெளியேறி அழுத்தம் விழுந்ததும், கூடு தானாகவே ஒரு மயிரிழை சுருங்கி, பிடியை விட வேண்டும். பிடிக்கவும் வேண்டும், விடவும் வேண்டும். இரண்டையும் ஒழுங்காகச் செய்யும் உலோகம் 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் சேர்ந்த பித்தளை. ஏறக்குறைய ஒரே வலிமையுள்ள எஃகோடு ஒப்பிட்டால், விரிந்த பின் பித்தளை மீண்டு சுருங்கும் அளவு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

வெறும் செம்பு இந்த வேலைக்குத் தோதுப்படாது. அது மிருது, உப்பினால் உப்பியபடியே நின்றுவிடும். 1876 ஜூனில் மொன்டானாவின் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் அமெரிக்க ராணுவ அதிகாரி கஸ்டரின் குதிரைப்படை படுதோல்வி அடைந்தபோது, அவர்கள் கையில் இருந்த ஸ்பிரிங்ஃபீல்ட் கார்பைன்களுக்குச் செம்புக் கூடுகளே கொடுக்கப்பட்டிருந்தன. தோல் வாரில் செருகி வைத்த செம்பில் களிம்பு ஏறும். களிம்பு ஏறிய கூடு சூடான அறைக்குள் ஒட்டிக்கொள்ளும். கத்தியால் நெம்பி எடுக்க வேண்டியிருந்தது என்று உயிர் தப்பியவர்கள் முறையிட்டார்கள். தோல்விக்கே இதுதான் காரணம் என்று சொல்வது மிகை. 1984இல் அந்தக் களத்தைத் தோண்டியவர்களுக்கு நெம்பிய தழும்புள்ள கூடுகள் கொஞ்சமே கிடைத்தன. ஆனாலும் அமெரிக்க ராணுவம் அதன்பின் பித்தளைக்கு மாறியது.

பித்தளைக்கும் ஒரு விரோதி உண்டு. அது வெளிப்பட்டது இந்தியாவில். ஆங்கிலேய ராணுவம் மழைக்காலத்தில் குதிரை லாயங்களின் பக்கம் வைத்திருந்த தோட்டாக்கள், யாரும் தொடாமலேயே கழுத்தில் விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்தின் அமோனியா ஈரக்காற்றில் கலந்து, இழுத்து உருவாக்கும்போது பித்தளைக்குள் தங்கிவிட்ட இறுக்கத்தைப் பிளந்துவிடுகிறது என்பது 1920களின் தொடக்கத்தில் விளங்கியது. அமோனியா கலந்த பித்தளைப் பாலிஷை ரீலோடிங் மேசைப் பக்கமே கொண்டுவராதே என்று பழைய கைகள் இன்றும் அதட்டுவது இதனால்தான்.

இனி மேசைக்கு வருவோம். முதல் சிக்கல், கூட்டை அளவுக்குச் சுருக்கும் டையில். சுட்ட கூடு சற்றுப் பெருத்திருக்கும். அதை டைக்குள் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். எஃகு டை என்றால் மசகு இல்லாமல் உள்ளே போன கூடு வெளியே வராது. கைத்துப்பாக்கிக் கூடுகளுக்கு டங்ஸ்டன் கார்பைடு வளையம் வைத்த டை வந்த பிறகு இந்தத் தொல்லை பெரிதும் ஒழிந்தது. ஒழியவில்லை என்று ஒருவர் அடம்பிடித்தால், அவர் கையில் இருப்பது பெரும்பாலும் 9 மி.மீ. கூடாக இருக்கும். .45 கூடு நேர்க்குழாய், 9 மி.மீ. கூடோ அடியில் 9.93, வாயில் 9.65 என்று லேசாகக் கூம்பியது. அதனால் கைப்பிடியை மேலும் பலமாக இழுக்க வேண்டியிருக்கிறது. ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் லனோலினை ஆல்கஹாலில் கரைத்து லேசாகத் தெளித்தால், கார்பைடு டையிலும் வித்தியாசம் கையில் தெரியும்.

அடுத்த சிக்கலுக்குக் காரணம் அதிகச் சுத்தம். குண்டு உட்காருவதற்காகக் கூட்டின் வாயைப் புனல்போல் துளி விரிக்க, ஒரு கூம்பு முளை உள்ளே நுழைந்து வெளியே வரும். எஃகு ஊசிகளோடு தண்ணீரில் உருட்டி, உள்ளும் புறமும் தங்கம்போல் பளபளக்கக் கழுவிய கூடுகள் இந்த முளையைக் கவ்விப் பிடிக்கும். உள்ளே படிந்திருந்த மெல்லிய கரிதான் இதுவரை மசகாக இருந்தது, அதையும் கழுவிவிட்டோம். இதைத் தொந்தரவு என்று மட்டும் விட முடியாது. கவ்விய கூடு விடும்போது பிரஸ் முழுவதும் ஒரு குலுக்குக் குலுக்குகிறது. பல கூடுகள் ஒரே சமயத்தில் நிற்கும் பிரஸ்ஸில், பக்கத்துக் கூடுகளில் அளந்து போட்ட மருந்து சிந்துகிறது. மருந்து குறைந்த தோட்டாவில் குண்டு குழலின் பாதியிலேயே நின்றுவிடலாம். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழலே பிளக்கலாம். முளையைப் பாலிஷ் செய்வதும், வாயில் சிறிது மசகு தடவுவதும் போதுமான பரிகாரம். பளபளப்புக்காகக் கூடு கழுவுவது வெறும் ஆடம்பரம் என்பது என் கட்சி.

மூன்றாவது, தயாரான தோட்டா துப்பாக்கிக்குள் முழுதாகப் போகாமல் நிற்பது. இங்கே ஊகம் உதவாது. குழலைத் துப்பாக்கியிலிருந்து கழற்றி, அதன் அறைக்குள் தோட்டாவைக் கையால் போட வேண்டும்: ‘ணங்’ என்று விழ வேண்டும், கவிழ்த்தால் தானே வெளியே விழ வேண்டும். விழவில்லையா? தோட்டாவை மார்க்கர் பேனாவால் கறுப்பாக்கி, மறுபடி போட்டுத் திருகி எடுத்தால், உரசிய இடத்தில் மை போயிருக்கும். வாய் விளிம்பில் போயிருந்தால், விரித்த வாயைச் சரியாக மூடவில்லை. குண்டின் தோளில் போயிருந்தால், குண்டு நீட்டிக்கொண்டு குழலின் வரிகளில் முட்டுகிறது. அடியில் போயிருந்தால், டை எட்டாத இடத்தில் புடைப்பு மிச்சமிருக்கிறது. மூன்றுக்கும் பரிகாரம் வேறு. கண்ணை மூடிக்கொண்டு வாயை மேலும் நெரிப்பவர்கள்தான் அதிகம். நெரிப்பு மிஞ்சினால் வேறு வம்பு. 9 மி.மீ. தோட்டா அறைக்குள் நிற்பதே அந்த வாய் விளிம்பைத் தாங்கலாகக் கொண்டுதான்.

சுட்ட பிறகு கூடு வெளிவர மறுப்பது எல்லாவற்றிலும் கவலைக்குரியது. அழுத்தம் வரம்பு மீறினால் எஃகு அறையே சற்று விரிந்து கொடுக்கும். பித்தளை அதைத் தொடர்ந்து அளவு மீறிப் பெருக்கும். பிறகு எஃகு சுருங்கி வரும்போது கூட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அதாவது மருந்து அதிகம், நிறுத்து என்று கூடு சொல்கிறது. ஆனால் .357 ரிவால்வர் வைத்திருப்பவர்கள் முதலில் அறையைக் கழுவிப் பார்க்க வேண்டும். அதில் .38 தோட்டாவையும் சுடலாம். அதன் கூடு சுமார் 3.4 மி.மீ. குட்டை. அது நிற்கும் இடத்துக்கு முன்னால் கரி வளையமாகப் படியும். பின்பு நீளமான .357 கூடு அந்த வளையத்தில் போய் மாட்டும். கழுவிய பிறகும் மாட்டினால் சந்தேகம் மருந்தின் மேல்தான். அந்தத் தொகுதியில் மிச்சமுள்ள ஒன்றையும் சுடக்கூடாது.

சிக்கியது வெற்றுக் கூடு என்றால் அவசரமில்லை. டையில் மாட்டியதைத் துளையிட்டு, மரை போட்டு, போல்ட்டால் இழுத்து எடுக்கத் தனிக் கருவியே விற்கிறது. சிக்கியது வெடிக்காத தோட்டாவாக இருந்தால் சுத்தியல், கம்பி, தரையில் தட்டுதல் எதுவும் கூடாது. குழலைப் பாதுகாப்பான திசையில் திருப்பி வைத்து, துப்பாக்கி பழுது பார்ப்பவரை அழைப்பது ஒன்றே வழி.