ஆலை மதிலோரம் ஒரு வாடகை வீடு

ஊர் தழைக்க ஆலை வேண்டும். ஆலையில் உழைப்போர் தங்குவதற்கு வீடு வேண்டும். இவ்விரண்டையும் மறுப்பார் எவருமிலர். ஆயின், ஆலையும் வீடும் ஒரே மதிலின் இரு புறத்தும் அமையலாமா என்னும் வினா எழும்போதுதான் சிக்கல் தோன்றுகின்றது. ஆலை இரவும் பகலும் ஓட விரும்பும். வீட்டுக்கோ இரவு என ஒன்று வேண்டும்.

கைத்தொழிற்பேட்டை ஒன்றின் அருகே வெறுமையாகக் கிடக்கும் காணியிலே வாடகைக் குடியிருப்புக் கட்டுவதற்கு ஒருவர் அனுமதி கேட்கின்றார் எனக் கொள்வோம். காணி மலிவு, குடிவர ஆளுண்டு, ஊரிலே வீட்டுக்குத் தட்டுப்பாடு. உள்ளூராட்சி மன்றத்தார் என் செய்வர்? மறுத்தால் வீடில்லாதோர் வருந்துவர். கொடுத்தால் குடிவருவோருக்குத் தீங்கு நேருமோ என்னும் ஐயம். ஆலைக்காரருக்கோ வேறோர் அச்சம்: இன்று குடிவருவோர் நாளை ஓசையென்றும் புகையென்றும் முறையிட்டு ஆலையையே மூடுவித்துவிடுவரோ என்பது. நூறாண்டுக்கு மேலாக இவ்வினாவோடு போராடிவரும் நாடு இங்கிலாந்து. அந்நாட்டார் கண்ட விடைகளுள் நமக்கு ஆவன எவை, ஆகாதன எவை என்பதைச் சிறிது ஆராய்வோம்.

உரலும் வைத்தியரும்

இலண்டன் மாநகரின் விக்மோர் வீதியிலே இனிப்புப் பண்டம் செய்து விற்கும் வணிகர் ஒருவர் இருந்தார். பிரிட்ஜ்மன் என்பது அவர் பெயர். அவருடைய சமையற்கூடத்திலே கட்டிச் சீனி முதலியவற்றை இடிப்பதற்குப் பெரிய உரல்கள் இரண்டு இருந்தன. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அங்கே உலக்கை ஓசை கேட்டுவந்தது. அயலிலுள்ள விம்போல் வீதி வீட்டுக்கு 1865ஆம் ஆண்டில் ஸ்டேர்ஜஸ் என்னும் வைத்தியர் குடிவந்தார். எட்டாண்டு காலம் ஒரு முறையீடும் எழவில்லை. 1873ஆம் ஆண்டில் வைத்தியர் தமது தோட்டத்தின் கோடியிலே, வணிகரின் சமையற்கூடச் சுவரை ஒட்டி, நோயாளரைப் பார்க்கும் அறையொன்றைக் கட்டினார். நோயாளியின் நெஞ்சொலியைச் செவிகொடுத்துக் கேட்க அவர் முயலும்போதெல்லாம் உலக்கையின் ஒலியே கேட்டது! வைத்தியர் வழக்குத் தொடுத்தார்.

'உரலுக்குள் தலையைக் கொடுத்துவிட்டு உலக்கைக்கு அஞ்சலாமா' என்பது நம்மவர் பழமொழி. வணிகரின் வாதமும் ஏறக்குறைய அதுவே. முன்னரே இருந்தவர் தாம். சுவரோரம் வந்து அறை கட்டியவர் வைத்தியர் என்றார் அவர். ஆயினும், 1879ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் வைத்தியர் பக்கமே தீர்ப்பளித்தது. தோட்டம் வெறுமையாகக் கிடந்தபோது ஓசையால் எவருக்கும் தீங்கில்லை. தீங்கில்லாத காலத்தைக் கணக்கிட்டுத் தீங்கு செய்யும் உரிமையைத் தேடிக்கொள்ள இயலாது என்பது அதன் காரணம். முன்வந்தவர் என்பதனால் மட்டும் அயலான் காணியின் பயனைக் கெடுக்கும் உரிமை ஒருவருக்கு வாராது. மோட்டார்ப் பந்தய அரங்கொன்றைப் பற்றிய வழக்கிலே, 2014ஆம் ஆண்டில் அந்நாட்டின் உயர் நீதிமன்றமும் இக்கொள்கையைப் பெரும்பாலும் நிலைநிறுத்தியது. கட்டட அனுமதி இருப்பதனால் மட்டும் அயலாருக்குச் செய்யும் தொல்லை நியாயமாகிவிடாது என்பதையும் அது தெளிவுறுத்தியது.

1879ஆம் ஆண்டுத் தீர்ப்பிலே மற்றொரு கருத்தும் உண்டு. செல்வர் வாழும் பெல்கிரேவ் சதுக்கத்திலே தொல்லையெனப்படுவது, தோல் பதனிடும் தொழில் நிறைந்த பேர்மண்ட்சியிலே தொல்லையெனப்படாமற் போகலாம் என்பதே அது. இடத்தின் இயல்பை நோக்கவேண்டும் என்பது சட்ட அறிவுக்குப் பொருத்தமானதே. எனினும், பேர்மண்ட்சியிலே குடியிருந்தவர்கள் யாவர்? அங்கு உழைத்த ஏழைகளே. ஏழையின் செவிக்கும் செல்வரின் செவிக்கும் இயற்கை வேற்றுமை வைக்கவில்லை. இக்கருத்தை மாணவர்கள் மனத்திற் கொள்ளல் நன்று. கட்டுரையின் முடிவிலே இது மீண்டும் நமக்கு வேண்டப்படும்.

பின்வந்தவர் பொறுப்பு

மேற்கூறிய தீர்ப்பு வீட்டாருக்கு அரண். தொழில் செய்வோருக்கோ அது தலைக்குமேல் தொங்கும் வாள். பல்லாண்டு நடந்துவந்த தொழில், நேற்று எழுந்த வீட்டினால் முடங்கவேண்டுமா என்னும் கேள்வி பிறந்தது. 2018ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் தேசியத் திட்டமிடற் கொள்கை இதற்கு ஒரு விடை கூறியது. மாற்றத்தைக் கொண்டுவருபவர் எவரோ, அம்மாற்றத்தால் வரும் சுமையையும் அவரே தாங்கவேண்டும் என்பது அது. ஆலை முன்னிருக்க, வீடு பின்வருமாயின், வீடு கட்டுபவரே தம் செலவிலே ஓசையையும் நாற்றத்தையும் தடுக்கும் வழிகளைச் செய்தல்வேண்டும். அதனையும் கட்டடம் முடியுமுன்னரே செய்தல்வேண்டும். அனுமதிப் பத்திரத்திலே இது நிபந்தனையாக எழுதப்படும்.

நடைமுறையில் இது எவ்வாறு நிகழும்? அனுமதி கேட்பவர் முதலிலே ஒலியளக்கும் வல்லுநரை அமர்த்துகின்றார். ஆலை ஓடும்போதும் ஓயும்போதும், சிறப்பாக நள்ளிரவிலும், ஒலி அளக்கப்படுகின்றது. சூழலின் இயல்பான ஒலியைவிட ஆலையொலி எவ்வளவு மிகுகின்றது என்பது கணக்கிடப்படுகின்றது. இரவிலே படுக்கையறையினுள் ஒலி 30 தெசிபெல் அளவைத் தாண்டாமை விரும்பத்தக்கது என்பது அந்நாட்டு நியமம். இதற்கேற்ப வீட்டின் வரைபடம் திருத்தப்படுகின்றது. மாடிப்படி, நடைகூடம், சமையலறை, குளியலறை என்பன ஆலைப் பக்கமாக வரும். படுக்கையறைகள் மறுபக்கம் செல்லும். எஞ்சிய ஓசைக்குத் தடித்த கண்ணாடிச் சாளரங்களும், அவற்றைத் திறவாமலே காற்றைக் கொணரும் பொறிகளும் அமைக்கப்படும்.

இத்தகைய ஆராய்ச்சி இல்லாவிடின் என்ன நேரும் என்பதற்கும் இங்கிலாந்தே சான்று. வீட்டுத் தட்டுப்பாட்டை விரைவிலே தீர்க்கும் நோக்கோடு, 2013ஆம் ஆண்டில், அலுவலகக் கட்டடங்களை முழுமையான திட்டமிடல் அனுமதியின்றியே வீடுகளாக மாற்றலாம் என அரசு விதி செய்தது. கைத்தொழிற்பேட்டைகளின் நடுவே நின்ற அலுவலகங்கள் சிலவும் இவ்வாறு வாடகை வீடுகளாயின. பிள்ளைகள் விளையாட முற்றமில்லை. வாயிலிலே பாரவண்டிகள் நின்றன. அரசே 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, இவ்வழியில் உண்டான வீடுகளுள் ஏறத்தாழ 22 வீதமானவையே தேசிய இடவளவு நியமத்துக்கு ஏற்றவை. முறையான அனுமதி பெற்றவற்றிலோ அது 73 வீதம். பின்னர் அரசு விழித்துக்கொண்டது. அறைகளுக்கு இயற்கை வெளிச்சம் வேண்டும் என 2020ஆம் ஆண்டிலும், இடவளவு நியமத்தைப் பேணவேண்டும் என 2021ஆம் ஆண்டிலும் விதிகள் பிறந்தன. அனுமதி என்னும் தடையை நீக்கினால் வீடுகள் விரைவிற் பெருகும் என்பது மெய். எத்தகைய வீடுகள் பெருகும் என்பதை முதலிலே கேட்டிருக்கவேண்டும்.

ஓசையினும் கொடியது

இதுவரை ஓசையைப் பற்றியே பேசினோம். ஓசை உறக்கத்தைக் கெடுக்கும். உயிரையே கெடுக்கும் ஆலைகளும் உண்டு. பிரான்சு தேசத்துத் துலூஸ் நகரின் புறத்தே 1924ஆம் ஆண்டில் இரசாயன உர ஆலையொன்று எழுந்தது. நாளடைவில் நகரம் வளர்ந்து ஆலையைச் சூழ்ந்துகொண்டது. 2001ஆம் ஆண்டு செப்டெம்பர் 21ஆம் நாள் அங்கு குவித்திருந்த அமோனியம் நைத்திரேற்று வெடித்தது. 31 பேர் மாண்டனர், ஆயிரக்கணக்கானோர் காயமுற்றனர், பல்லாயிரம் வீடுகள் சேதமுற்றன. அதன் பின்னரே, 2003ஆம் ஆண்டில், அபாயமான ஆலைகளைச் சுற்றிப் புதுவீடு கட்டுவதைத் தடுக்கவும், ஏலவே உள்ள வீடுகளை விலைகொடுத்து அகற்றவும் வழிசெய்யும் சட்டம் அங்கே பிறந்தது. நமக்கு அண்மையிலுள்ள போபால் நகரிலே, 1984ஆம் ஆண்டு டிசெம்பரில் நச்சுவாயு கசிந்த இரவிலும், ஆலையை அடுத்திருந்த ஏழைகளின் குடியிருப்புகளே பேரழிவுக்கு இலக்காயின.

இங்கே முன்வந்தவர் யார், பின்வந்தவர் யார் என்னும் வாதம் பயன்படாது. தடித்த கண்ணாடியும் பயன்படாது. இடைவெளி ஒன்றே காக்கும். வீட்டுக்கு ஒரு முறை, மறு வீட்டுக்கு ஒரு முறை என அனுமதி கொடுத்துக்கொண்டே போனால், அவ்விடைவெளி எவரும் அறியாமலே கரைந்துவிடும். ஒவ்வோர் அனுமதியும் தனித்தனியே பார்த்தாற் சிறிது. எல்லாம் சேர்ந்தால் ஒரு நகரம்.

நம் நாட்டிலே

இனி, நம் நாட்டுக்கு வருவோம். நம்மிடமும் சட்டங்கள் உண்டு. 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டமும், 1978ஆம் ஆண்டின் நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டமும் கட்டட அனுமதியை ஆள்வன. 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடற் சட்டம் ஆலைகளை ஆள்வது. அதன் கீழ் 1996ஆம் ஆண்டில் வெளிவந்த ஒழுங்குவிதிகள் ஒலிக்கும் எல்லை வகுத்தன. இரவிலே, பிரதேச சபைக்குட்பட்ட கிராமப்புறத்துக்கு 45 தெசிபெல். மாநகர, நகர சபைப் பகுதிகளுக்கு 50. ஏற்றுமதி வலயங்களுக்கும் கைத்தொழிற்பேட்டைகளுக்கும் 60.

45க்கும் 60க்கும் இடையே பதினைந்துதானே என எண்ணற்க. தெசிபெல் அளவையிலே 10 கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகும். செவிக்கு ஏறத்தாழ இரு மடங்காகத் தோன்றும். 15 கூடினால் ஆற்றல் முப்பது மடங்கைத் தாண்டும். பேட்டையின் எல்லையிலே 60 தெசிபெல் ஒலிப்பது விதிக்கு மாறன்று. அதே எல்லையிலிருந்து பத்தடி தள்ளி ஒரு படுக்கையறைக்கு அனுமதி வழங்குவோமாயின், எவரும் விதியை மீறாமலே ஒரு குடும்பத்தின் உறக்கம் பறிபோகும்.

இங்கிலாந்தின் மருந்து இங்கே முழுதும் செல்லாது என்பதையும் நாம் உணரவேண்டும். அங்கே சாளரத்தை அடைத்து வைத்தல் குளிருக்கும் ஏற்றது. நம் நாட்டு வெப்பத்திலே சாளரத்தை அடைத்த வீடு சூளைக்கு ஒப்பாகும். குறைந்த வாடகை கொடுப்போர் குளிரூட்டும் பொறிக்கும் மின்சாரத்துக்கும் எங்கே போவர்? எனவே நம் வீடுகளைத் திறந்த சாளரத்தோடு அளந்தே அனுமதிக்கவேண்டும். அறைகளின் அமைப்பு, உயர்ந்த மதில், வேண்டிய இடைவெளி என்பனவே நமக்கு உகந்தவை. ஓசையைத் தடுப்பதற்கு ஒருவரிசை மரம் போதும் என்பது மயக்கம். மரம் கண்ணுக்கு மறைப்பு, செவிக்குப் பெருந்தடையன்று.

கட்டுநாயக்காவிலே 1978ஆம் ஆண்டில் சுதந்திர வர்த்தக வலயம் அமைந்தது. ஆடைத் தொழிற்சாலைகளிலே வேலை தேடிக் கிராமங்களிலிருந்து இளம் பெண்கள் ஆயிரமாயிரமாய் வந்தனர். போருக்குப் பின் வடக்கிலிருந்தும், மலையகத்திலிருந்தும் தமிழ்ப் பெண்கள் சென்றனர். அவர்களுட் பெரும்பாலோர்க்குக் கிடைத்த உறைவிடம், வலயத்துக்கு வெளியே 'போடிங்' என வழங்கும் வாடகை அறைகளே. வீட்டுக் கொல்லையிலே வரிசையாகக் கட்டிய சிற்றறைகள். ஓர் அறையிற் பலர். கிணறும் மலசலகூடமும் எல்லாருக்கும் பொது. 2020ஆம் ஆண்டு ஒக்டோபரில் மினுவாங்கொடையில் ஆடைத் தொழிற்சாலை ஒன்றிலே கொரோனாத் தொற்றுப் பரவியபோதுதான், இவ்வறைகளின் நெருக்கத்தை நாடு நின்று நோக்கியது. ஆலையைத் திட்டமிட்டவர்கள் வீட்டைத் திட்டமிடாது விட்டால், வீடு தானே முளைக்கும். ஆனால் அது களை முளைப்பதுபோல் முளைக்கும். ஆகவே, ஆலைக்கு அருகே வாடகை வீடே கூடாது என்பது நம் கருத்தன்று. வேலைக்குப் போகும் பெண்ணுக்கு வேலைத்தலத்துக்கு அண்மையிலே வீடு இருத்தல், இரவிலே தனிவழி நடப்பதிலிருந்து அவளைக் காக்கும். அந்த வீடு முறையாக அமையவேண்டும் என்பதே நம் கருத்து.

வராத கட்சிக்காரர்

அனுமதி வழங்கும் மேசையின் முன் எவரெவர் வருகின்றனர் என்று பாருங்கள். காணி உரிமையாளர் வருகின்றார். ஆலையின் முகாமையாளர் வருகின்றார். அயலிலே முன்னரே குடியிருப்போர் வருகின்றனர். நாளை அவ்வீட்டிலே உறங்கப்போகின்றவர் மட்டும் வருவதில்லை. தாம் அங்கே குடிவரப்போவதை அவரே இன்னும் அறியார்!

அவர் இல்லாத இடத்திலே அவர் உரிமை எழுதிக்கொடுக்கப்படுவதும் உண்டு. இலண்டனிலே இரவு நடன மண்டபம் ஒன்றின் எதிரே மாடிவீடு கட்ட முற்பட்டபோது, மண்டபத்தின் ஓசையைக் குடியிருப்போர் பொறுத்துக்கொள்ளவேண்டும் என்னும் உறுதி 2014ஆம் ஆண்டளவில் காணியின் மீதே எழுதப்பட்டது. மண்டபத்துக்கு அது நியாயமே. விலைகொடுத்து வாங்குபவர் அப்பத்திரத்தைப் படித்துப் பார்த்து வாங்குவார். வாடகைக்கு வருபவர் எப்பத்திரத்தைப் படிப்பார்? வாடகை குறைவாயிருக்கின்றது என்பது மட்டுமே அவருக்குத் தெரியும். பேர்மண்ட்சி ஏழையின் நிலையே இன்றைய வாடகைக் குடியாளரின் நிலையும்.

எனவே, வராத அக்கட்சிக்காரருக்காகப் பேசும் கடமை மன்றத்தாருக்கே உரியது. ஆலையின் உரிமக் கோப்பும் வீட்டின் அனுமதிக் கோப்பும் ஒரே மேசையில், ஒரே நாளிற் படிக்கப்படல் வேண்டும். பகலிலே காணியைப் பார்வையிட்டுத் திரும்பும் அதிகாரி, ஆலை ஓடும் ஓர் இரவிலும் அங்கே சென்று நிற்றல் வேண்டும். நிபந்தனைகள் நிறைவேறின என்று கண்டபின்னரே குடிபுகச் சான்றிதழ் வழங்கல் வேண்டும். பெற்றோர்க்கும் ஒரு சொல்: வேலைக்குச் செல்லும் மகனுக்கோ மகளுக்கோ அறை பார்க்கப் போவீராயின், ஞாயிற்றுக்கிழமைப் பகலிற் பார்த்து முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். வேலைநாளொன்றின் இரவிலே சென்று, சாளரத்தைத் திறந்து வைத்துச் சிறிது நேரம் அவ்வறையில் இருந்து பாருங்கள்.