அலமாரியில் தூங்கும் லேப்டாப்புக்கு மறுவாழ்வு! விண்டோசை விட்டு லினக்சுக்கு மாறுவது எப்படி?

பாபநாசம்,

பாபநாசம், கபிஸ்தலம், அய்யம்பேட்டை, மெலட்டூர் பக்கம் அரசுப் பள்ளியில் பிளஸ்-2 படித்த பிள்ளைகள் இருக்கும் வீடா? அலமாரியைத் திறந்து பாருங்கள்.

துணிக்கு அடியில் ஒரு லேப்டாப் கிடக்கும். அரசு இலவசமாகக் கொடுத்தது. "ரொம்ப மெதுவா ஓடுது, வைரஸ் ஏறிடுச்சு" என்று மூட்டை கட்டி வைத்திருப்பார்கள்.

அதை எடைக்குப் போட்டு விடாதீர்கள். அதற்கு உயிர் கொடுக்க ஒரு வழி இருக்கிறது. அதன் பெயர் லினக்ஸ்.

கெடு முடிந்தது

வீடுகளில் பரவலாக ஓடிய விண்டோஸ்-10க்கு மைக்ரோசாப்ட் கம்பெனி கொடுத்து வந்த வழக்கமான பாதுகாப்பு உதவி, 2025-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதியோடு முடிந்தது. பதிவு செய்து கொள்ளும் வீட்டு உபயோகிப்பாளர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13-ந் தேதி வரை நீட்டிப்பு அறிவிக்கப்பட்டது.

முடிந்தது என்றால் கம்ப்யூட்டர் நின்று விடாது. ஓடும். ஆனால் புதிதாகத் தெரியவரும் ஓட்டைகளை அடைக்க ஆள் வராது. கள்ளச்சாவிக்காரன் தெருவில் நடமாடும்போது பழைய பூட்டோடு வீட்டை விட்டுப் போவது போலத்தான். உள்ளே இருப்பது பேங்க் பாஸ்வேர்டும், ஆதார் நகலும், கடைக் கணக்கும்!

"விண்டோஸ்-11 போட்டா போச்சு" என்பார்கள் சிலர். அதற்கு குறைந்தது 4 ஜி.பி. ரேம், 64 ஜி.பி. இடம், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி எல்லாம் வேண்டும். பழைய இலவச லேப்டாப்புகள் இந்தப் பரீட்சையில் பாசாகாது.

அரசே சொன்ன யோசனை

இது புது சங்கதி அல்ல. 2014 ஏப்ரல் 8-ந் தேதி விண்டோஸ் எக்ஸ்பிக்கு இதே கதி வந்தது. அப்போது 'பாஸ்' லினக்சுக்கு மாறும்படி தமிழக அரசு தன் துறைகளுக்கு யோசனை சொன்னது. பாஸ் லினக்ஸ், சென்னையில் உள்ள சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனம் உருவாக்கியது.

அதற்கும் முன்பே, உமாசங்கர் ஐ.ஏ.எஸ். நிர்வாக இயக்குனராக இருந்தபோது, அரசு நிறுவனமான எல்காட் லினக்சுக்கு மாறியது.

2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்திலும் லினக்ஸ் உண்டு. பல லேப்டாப்புகளில் சுவிட்சைப் போட்டதும் 2 பெயர்கள் வந்தன. ஒன்று விண்டோஸ். இன்னொன்று பாஸ் லினக்ஸ். பிள்ளைகள் விண்டோசையே அமுக்கிப் பழகி விட்டார்கள்!

காசு கிடையாது

லினக்சைத் தொடங்கி வைத்தவர் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ். ஆண்டு 1991. வீட்டு உபயோகத்துக்கான லினக்ஸ் வகைகள் இலவசம். உங்கள் சட்டைப் பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனின் அஸ்திவாரமும் லினக்ஸ்தான்.

மாறுவது எப்படி?

புதியவர்களுக்கு 'லினக்ஸ் மின்ட்' சுலபம். முகப்பு விண்டோஸ் மாதிரியே இருக்கும். 2 ஜி.பி. ரேமில் ஓடும், 4 ஜி.பி. இருந்தால் நிம்மதி.

முதல் வேலை: போட்டோ, பத்திரம், கணக்கு எல்லாவற்றையும் வேறு டிஸ்கில் நகல் எடுங்கள்.

இரண்டாவது: வேறொரு கம்ப்யூட்டரில் மின்ட்டை டவுன்லோடு செய்து, 'ரூபஸ்' என்ற இலவச புரோகிராம் மூலம் 8 ஜி.பி. பென்டிரைவில் ஏற்றுங்கள்.

மூன்றாவது: பென்டிரைவில் இருந்தே லேப்டாப்பை ஓட்டிப் பாருங்கள். உள்ளே இருக்கும் விண்டோசுக்கு ஒன்றும் ஆகாது. வைபை, சத்தம், பிரிண்டர் வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகே நிரந்தரமாகப் போடுங்கள்.

உஷார்! 'டிஸ்கை அழி' என்று கேட்கும் இடத்தில் அவசரப்பட்டுத் தட்டினால் கல்யாண போட்டோ முதல் எல்லாம் போய்விடும்.

யார் மாறக் கூடாது?

'டாலி'யில் கணக்கு எழுதும் கடைக்காரர்கள் அவசரப்பட வேண்டாம். அது விண்டோசுக்காகச் செய்யப்பட்டது. போட்டோஷாப்பை நம்பிப் பிழைக்கும் ஸ்டூடியோ, பிளெக்ஸ் கடைக்காரர்களுக்கும் இதே சொல்தான். டிஜிட்டல் கையெழுத்து சாதனம் வைத்திருப்பவர்கள் அதற்கு லினக்ஸ் வசதி உண்டா என்று முதலில் விசாரிக்க வேண்டும்.

குமாஸ்தாக்கள் கவனத்துக்கு: தமிழ்-99, டைப்ரைட்டர் இரண்டு முறையிலும் லினக்சில் தமிழ் அடிக்கலாம். ஆனால் 'வானவில்' எழுத்தில் அடித்த பழைய பைல்கள், அந்த எழுத்துரு இல்லாவிட்டால் கிறுக்கலாகத் தெரியும். அதையும் நகல் எடுத்து வையுங்கள்.

கடிதம் அடிக்க, பாட்டு கேட்க, படம் பார்க்க, ரெயில் டிக்கெட் எடுக்க, பிள்ளை படிக்க - இவ்வளவுதான் வீட்டு வேலை என்றால், அலமாரியில் இருப்பதே போதும். புதுசு வாங்கும் முன்பு ஒரு 8 ஜி.பி. பென்டிரைவ் வாங்கிப் பாருங்கள்!