உங்களுக்குத் தெரியுமா? இலையுதிர்காலப் பாஸ் மீன் வேட்டை!

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஓடுகிறது சஸ்குவஹன்னா ஆறு. நீளம் 715 கிலோமீட்டர். வயது? 30 கோடி ஆண்டுகளுக்கு மேல் என்கிறார்கள் புவியியலாளர்கள். டைனோசருக்கே மூத்த ஆறு!

ஹாரிஸ்பர்க் நகரத்தை ஒட்டி இதன் அகலம் சுமார் ஒன்றரை கிலோமீட்டர். ஆனால் செப்டம்பரில் பல இடங்களில் முழங்காலளவுத் தண்ணீர்தான்! ஆற்றுக்குள் நடந்து போய் நின்றபடியே தூண்டில் வீசுகிறார்கள்!

இந்த ஆற்றின் ராஜா, 'ஸ்மால்மவுத் பாஸ்'. வெண்கல நிற உடம்பு, சிவந்த கண். ராஜா உள்ளூர்க்காரர் இல்லை என்பதுதான் அதிசயம்!

எப்படி வந்தது தெரியுமா? ரயிலில்! 1854-இல் ஒஹையோ ஆற்றுப் பக்கமிருந்து சில மீன்களைப் பிடித்து, நீராவி எஞ்சினுக்கான தண்ணீர்த் தொட்டியில் போட்டார்கள். மலைத்தொடரைத் தாண்டிக் கொண்டுபோய் போடோமாக் ஆற்றில் விட்டார்கள். அங்கே பெருகிய வம்சம்தான் 1870 வாக்கில் சஸ்குவஹன்னாவுக்கும் வந்து சேர்ந்தது. டிக்கெட் வாங்காத முதல் பயணிகள்!

சன்பரி ஊரில் ஆற்றின் குறுக்கே காற்றடைத்த ரப்பர் பைகளாலேயே ஓர் அணை! நீளம் 640 மீட்டர். இலையுதிர்காலம் வந்ததும் காற்றை இறக்கிவிடுவார்கள். கோடை முழுக்க ஏரியாகக் கிடந்த 3,000 ஏக்கர் தண்ணீர் மறுபடி ஆறாகிவிடும்!

தண்ணீரின் வெப்பம் 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கியதும் பாஸ் மீனுக்கு அகோரப் பசி! குளிர்காலத்துக்குக் கொழுப்புச் சேர்க்க வேண்டுமே. ஆண்டின் கொழுத்த மீன்கள் சிக்குவது அக்டோபர், நவம்பரில்தான்!

10 டிகிரிக்கு வந்ததும் நீரோட்டத்தை விட்டுவிட்டு ஆழமான மடுக்களைத் தேடிப் புறப்பட்டுவிடும். விஸ்கான்சின் மாநிலத்து ஆறுகளில் இப்படிக் குளிர்கால வீடு தேடி இவை நீந்தும் தூரம் 60 கிலோமீட்டருக்கும் மேல்!

மடுவுக்குப் போய்ச் சேர்ந்ததும் கூட்டம் கூட்டமாக ஒரே இடத்தில் நிற்கும். ஒரு மடுவைக் கண்டுபிடித்தால் போதும், நின்ற இடத்திலேயே நாள் முழுக்க வேட்டை!

கோடையில் மீன் பிடிக்க விடியற்காலையில் எழுந்து ஓடுபவர்கள் நவம்பரில் நன்றாகத் தூங்கலாம். வெயில் ஏறித் தண்ணீர் ஒரு டிகிரி சூடானாலும் மீன் சுறுசுறுப்பாகிவிடும். உச்சிப் பொழுதுதான் நல்ல நேரம்!

இதே ஆற்றின் குறுக்கே நிற்கும் ராக்வில் ரயில் பாலத்தைப் பாருங்கள். 1902-இல் கட்டியது. 48 கல் வளைவுகள்! ஒவ்வொரு தூணுக்குப் பின்னாலும் ஓட்டம் தணிந்த ஒரு சுழி. பாஸ் அந்தச் சுழியில் சும்மா நிற்கும். ஓட்டம் இழுத்து வரும் குட்டி மீனை வாயைத் திறந்து உறிஞ்சும். எல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில்!

தூண்டிலை இழுப்பதைவிட இழுக்காமல் இருப்பதுதான் இங்கே வித்தை! மீன் போலவே செய்த 'ஜெர்க்பெய்ட்' பொய்யிரையை வீசி, இரண்டு சுண்டு சுண்டிவிட்டு அப்படியே நிறுத்துவார்கள். 10 விநாடி. தண்ணீர் குளிரக் குளிர இன்னும் அதிகம். அசையாமல் அந்தரத்தில் நிற்கும் அந்த இரையைத்தான் பாஸ் கவ்வும்!

இப்படிப்பட்ட மீன் வடிவப் பொய்யிரைகளில் உலகப் புகழ் பெற்றது ஒரு பின்லாந்து மீனவர் செய்தது! லௌரி ரபாலா 1936-இல் தக்கையைச் செதுக்கினார். சாக்லேட் சுற்றிய வெள்ளித்தாளை ஒட்டினார். பழைய போட்டோ நெகட்டிவ்களை உருக்கி மேலே பூசினார். அந்த வீட்டுக் கைவேலைதான் இன்று உலகெங்கும் விற்கிறது!

இந்தப் பருவத்தின் பெரிய எதிரி எது தெரியுமா? உதிர்ந்த இலை! ஆறு முழுக்க மிதந்து வரும். ஒரே ஓர் இலை முள்ளில் மாட்டினாலும் போச்சு, எந்த மீனும் திரும்பிப் பார்க்காது!

45 சென்டிமீட்டர் வளர ஸ்மால்மவுத்துக்கு எட்டு, பத்து ஆண்டுகள்கூட ஆகும். 2005-இல் இந்த ஆற்றில் குஞ்சுகள் கூட்டமாகச் செத்து மிதந்தன. அதனால்தான் ஆற்றின் நடுப்பகுதியில் நெடுந்தூரத்துக்கு, பிடித்த பாஸை உடனே தண்ணீரில் விட்டுவிட வேண்டும் என்பது சட்டம்! அருமையான சட்டம்!

பென்சில்வேனியாவில் உங்கள் பிள்ளைகள் இருந்தால் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். 16 வயது ஆனவர்களுக்கு மீன்பிடி லைசென்ஸ் வேண்டும். நவம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை சின்னப் படகில் ஏறினால் லைஃப் ஜாக்கெட் போட்டே ஆக வேண்டும். அந்தக் குளிர்ந்த தண்ணீரில் விழுந்தால் நல்ல நீச்சல்காரருக்கும் சில நிமிடங்களில் கைகால் ஓடாது!