கடல் சூழ்ந்த பள்ளியின் காவல்

எழுவைதீவுக்கு ஊர்காவற்றுறையிலிருந்து படகேறியே செல்லல் வேண்டும். அங்குள்ள பள்ளியொன்றில் தீ மூளுமாயின், தீயணைப்பு வண்டி உடனே கடல் தாண்டி வந்துவிடாது. ஆகவே, கட்டடத்தை எழுப்பும்போதே அதற்குரிய காவலையும் உடனமைத்தல் இன்றியமையாததாகும்.

உதவி அருகிலிருக்கும் நகரிலுங்கூட, காவலற்ற கட்டடம் பிள்ளைகளைக் கைவிட்டுவிடும். 2004ஆம் ஆண்டு யூலை 16ஆம் நாள், தமிழ்நாட்டின் கும்பகோணத்திலே, ஒரு பள்ளியின் சமையற்கூடத்தில் மூண்ட தீ கீற்றுக்கூரையைப் பற்றிற்று. மாடியிலிருந்த சிறுவர் இறங்குதற்குக் குறுகிய படிக்கட்டே இருந்தது. 94 பிள்ளைகள் மாண்டனர். பள்ளிகளில் தீயணைக்கும் கருவிகள் இருத்தல் வேண்டுமென 2009இல் இந்திய உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

இத்துயர் புகட்டும் விதிகள் எளியவை. அடுப்படி வகுப்பறையினின்றும் விலகியிருத்தல் வேண்டும்; அதற்குக் கிடுகுக் கூரை ஆகாது. வகுப்பறைக்கு இரு வாயில்கள் வேண்டும். கதவுகள் வெளிப்புறமாகத் திறத்தல் வேண்டும். நெருக்கியடித்து வரும் கூட்டம் உட்புறம் திறக்குங் கதவைத் தானே அடைத்துவிடும்.

தீவுகளுக்கென வேறொரு பகையும் உண்டு. அது உப்புக்காற்று. கொங்கிறீட்டுக்குள் இருக்கும் இரும்புக்கம்பி அதனாற் துருவேறிப் பருத்து, கொங்கிறீட்டையே பிளக்கும். ஆதலின், கலவையில் உவர்நீரும் கழுவாத கடல்மணலும் சேர்தலாகாது. கூரையடியில் தோன்றும் சிறு வெடிப்பையும் அலட்சியஞ் செய்தலாகாது.

விதிகள் ஏட்டிலிருந்தாற் போதா. தவணைதோறும் மணியடித்து, பிள்ளைகள் வரிசையாக வெளியேறப் பழகுதல் வேண்டும். படகு வந்து சேரும்வரை அவர்களைக் காப்பது அப்பழக்கமே.