கைவிரல் விரிகிறதா, கால் மடங்குகிறதா?

"பிள்ளை துடிக்குது" என்று தாய் சொல்வது பெரும்பாலும் ஐந்தாம் மாதத்தில். கரு அசையத் தொடங்குவதோ 7, 8 வாரங்களிலேயே. அந்த அசைவால்தான் மூட்டுகள் இறுகாமல் வளர்கின்றன, நுரையீரல் விரிகிறது, தொப்புள்கொடிகூட நீள்கிறது.

அசைவு நின்றால்? 1983-ல் மோசிங்கர் என்ற ஆய்வாளர், தசையை முடக்கும் கியூராரே மருந்தை எலிக் கருக்களுக்குச் செலுத்திப் பார்த்தார். அவற்றின் மூட்டுகள் இறுகின, நுரையீரல் சிறுத்தது, தொப்புள்கொடி குட்டையாக நின்றது. பெனா, ஷோகீர் என்ற இரு மருத்துவர்கள் 1974-ல் பச்சிளங்குழந்தைகளிடம் கண்டு எழுதிய கோளாறுக்கும் ஏறக்குறைய இவைதான் அடையாளங்கள். நரம்போ தசையோ மரபணுவோ, எதில் பழுது இருந்தாலும் அசைவு நின்றால் விளைவு ஒன்றுதான் என்பது அப்போது தெளிவானது.

ஸ்கேனில் அசைவு நின்றதற்குத் தடயங்கள் உண்டு. மூடிய கை திறப்பதில்லை. பாதம் உள்நோக்கி வளைந்திருக்கும். குழந்தை நீரை விழுங்காததால் பனிக்குட நீர் கூடிவிடும்.

இத்தனை இருந்தும் தவறிப்போகிறது! கைகால் மூட்டுகள் இறுகிப் பிறந்த குழந்தைகளைப் பற்றி ஃபில்கெஸ், ஜூடித் ஹால் இருவரும் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், நான்கில் மூன்று பங்கு பிரசவத்துக்கு முன் கண்டுபிடிக்கப்படவே இல்லை. ஸ்கேனில் தலைச் சுற்றளவையும் தொடை எலும்பின் நீளத்தையும் அளக்கப் படத்தை நிறுத்தித்தான் பார்க்கிறார்கள். அசைவோ ஓடும் படத்தில்தான் தெரியும். கரு தூங்கவும் செய்யும் என்பதால், சில நிமிடம் அசையாததைக் கண்டு பதறவும் கூடாது. பொறுமையாகப் பார்ப்பதும், சந்தேகம் இருந்தால் மறுபடி பார்ப்பதுமே வழி.

கண்டுபிடித்து என்ன பயன் என்று கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தாயின் ரத்தத்தில் உள்ள எதிர்ப்புப் பொருள் கருவின் தசைகளை முடக்குவதும் உண்டு. 'மயஸ்தீனியா' என்ற தசைச்சோர்வு நோயோடு வரும் இது, நோயின் சாயலே தெரியாத தாய்க்கும் அபூர்வமாக வரலாம். காரணம் தெரிந்தால் அடுத்த கர்ப்பத்தில் தாய்க்குச் சிகிச்சை தந்து பிள்ளையைக் காக்க வாய்ப்புண்டு. இந்தக் கோளாறின் இன்னும் சில வகைகள் தாய், தந்தை இருவரிடமிருந்தும் வரும் மரபணுப் பழுதால் நேர்பவை. நெருங்கிய உறவில் மணம் முடித்தவர்களுக்கு அந்த ஆபத்து கூடுதல்.

முன்பு கைகால் மடங்கிய குழந்தை பிறந்திருந்தாலோ, கரு தங்காமல் போயிருந்தாலோ, ஸ்கேனுக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். "குழந்தை கையை விரிக்குதா டாக்டர், காலை மடக்குதா?" என்று கேட்கவும் தயங்காதீர்கள்.