போனுக்குள் வாழ்ந்த பாம்பு!

புற்றில் வாழும் பாம்பு உண்டு. பாம்பாட்டியின் கூடையில் வாழும் பாம்பும் உண்டு. போனுக்குள்ளும் ஒரு பாம்பு வாழ்ந்தது!

இரை தின்னத் தின்ன அது நீளும். தன் உடம்பிலேயே முட்டினால் ஆட்டம் முடிந்தது. பழைய நோக்கியா போன் வைத்திருந்தவர்களுக்கு இந்தப் பாம்பை நன்றாகத் தெரியும்.

ராமானுஜர் பிறந்த ஸ்ரீபெரும்புதூரில், 2006-ம் ஆண்டு நோக்கியா தொழிற்சாலை தொடங்கியது. கோடிக்கணக்கான போன்கள் அங்கே தயாராயின. வேலை செய்தவர்களில் இளம்பெண்கள் ஏராளம். 2014 நவம்பரில் தொழிற்சாலை மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள்.

தொழிற்சாலை போயிற்று. பாம்பும் போயிற்றா? இல்லை!

பாம்பின் பாட்டன்

1997-ல் இந்தப் பாம்பைப் போனுக்குள் விட்டவர், பின்லாந்து நாட்டு என்ஜினீயர் தனெலி அர்மாண்டோ. ஆனால் இதற்கு ஒரு பாட்டன் உண்டு. அது 1976-ல் அமெரிக்காவில் கிரெம்லின் கம்பெனி செய்த "பிளாக்கேடு" என்ற ஆட்டம்.

அது ஒரு பெரிய பெட்டி. காசு போட்டால் ஆட்டம். ஆளுக்கொரு கோடு ஓடும். ஓடிய வழியெல்லாம் சுவர் எழும்பும். சுவரில் மோதியவர் தோற்றார்!

பிறகு ஜப்பானிலிருந்து 1978-ல் "ஸ்பேஸ் இன்வேடர்ஸ்" வந்தது. 1980-ல் "பாக்மேன்" வந்தது. உலகமே ஆடியது.

உயிர் எங்கே?

ஆட்டத்தின் உயிர், பெட்டிக்குள் இருக்கும் "சிப்"புகளில் இருக்கிறது. வயதானால் அவையும் கெடும். கடைசிப் பெட்டியும் கெட்டால் ஆட்டமே அழிந்துவிடும்.

அதைத் தடுக்க வழி கண்டார், இத்தாலியைச் சேர்ந்த நிக்கோலா சல்மோரியா. 1997-ல் "மேம்" என்ற புரோகிராமை வெளியிட்டார். சிப்பில் உள்ளதை நகல் எடுத்துக் கொடுத்தால், கம்ப்யூட்டரே பழைய பெட்டியாக வேஷம் போடும். இதற்கு "எமுலேஷன்" என்று பெயர். ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் இப்படிப் பிழைத்தன. "பிளாக்கேடு"ம் பிழைத்தது!

ஆனால் ஒன்று. ஆட்டங்களுக்குச் சொந்தக்காரர்கள் உண்டு. அவர்கள் அனுமதி இல்லாமல் நகலை வாங்குவதும் கொடுப்பதும் சட்டச் சிக்கலில் மாட்டிவிடும்.

மீண்டும் அதே ஊர்

இன்று ஸ்ரீபெரும்புதூரில், பாக்ஸ்கான் தொழிற்சாலையில் ஐபோன் தயாராகிறது. பழைய வீடியோ விளையாட்டு எந்திரங்களைப் போல வேஷம் போடும் புரோகிராம்களை ஐபோனில் வைக்க, 2024 ஏப்ரலில் ஆப்பிள் கம்பெனி அனுமதி கொடுத்தது.

அன்று பாம்போடு போன் செய்த ஊர், இன்று பழைய ஆட்டங்களுக்கு இடம் கொடுக்கும் போனைச் செய்கிறது!

உங்கள் வீட்டுப் பரணில் பழைய நோக்கியா போன் கிடக்கிறதா? குப்பையில் போட்டுவிடாதீர்கள். உள்ளே ஒரு பாம்பு தூங்குகிறது!